பற்றாசும் வானொலியும்

ஒரு நாட்டின் வானொலி வரலாற்றை எழுதப் புகுவோர், நிலையம் நிறுவப்பெற்ற ஆண்டையும், அதனைத் திறந்து வைத்தவரின் பெயரையும், ஒலிபரப்பான மொழிகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அவ்வரலாறு தேவையானதே. ஆயினும், நிலையத்தில் பேசப்பட்ட சொல் வீட்டுக்கூடத்தில் இருந்தவரின் செவியை எட்டுவதற்கு இடையில் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டி பழுதுபட்டபோது அதனைத் திறந்து பார்க்கத் துணிந்த ஒருவர் இருந்தார். அவர் கையில் சில கருவிகள் இருந்தன. அக்கருவிகளின் வரலாறு ஏடுகளில் ஏறுவது அரிது.

சென்ற தலைமுறையின் வானொலிக் கடைகளில் இருந்த கருவிப் பெட்டி மிகப் பெரியதன்று. தட்டை முனையும் சிலுவை முனையும் கொண்ட திருப்புளிகள், நீள்மூக்குக் குறடு, கம்பி வெட்டும் இடுக்கி, கடைக்காரர்கள் ‘சால்டரிங் அயர்ன்’ என்று வழங்கிய பற்றாசுக்கோல், ஒரு சுருள் ஈயக்கம்பி, முள் ஆடும் மீட்டர், தூசு தட்டும் தூரிகை, சிறு புட்டியில் சாராவி, மாற்றுவதற்கென்று சில வால்வுகளும் மின்தேக்கிகளும். இவ்வளவே. இச்சிறிய பெட்டிக்குள் மின்னியலின் நூறாண்டு வரலாறும், மலாயா மண்ணின் வரலாற்றில் ஒரு பகுதியும் அடங்கியிருக்கின்றன.

கண்ணால் கண்ட பழுது

வானொலிக்கு முன்னர் வீடுகளில் இசை தந்தது கிராமபோன். அதன் பழுது பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும் பழுது. வில்சுருள் அறுந்தால் சாவி வழுக்கும். எண்ணெய் வற்றினால் தட்டு தள்ளாடும். எஃகு ஊசி தேய்ந்தால் ஒலி கரகரக்கும். நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகளை ஊசி அரித்துவிடாதிருக்க, ஒவ்வொரு பக்கத்திற்கும் புதிய ஊசி மாற்றுவது முறையாக இருந்தது. ஆதலால் ஊசி நிறைந்த சிறு தகரப் பெட்டியே அந்நாளில் முதன்மையான துணைப்பொருள். கடிகாரம் பழுதுபார்க்கத் தெரிந்தவர் கிராமபோனையும் பழுதுபார்த்தார். திருப்புளி, எண்ணெய், மசகு ஆகியவை போதுமானவையாக இருந்தன.

வானொலி வந்தபோது நிலைமை மாறியது. 1904ஆம் ஆண்டில் பிளெமிங் இருமுனை வால்வை ஆக்கினார். 1906ஆம் ஆண்டில் டி பாரஸ்ட் அதனுள் மூன்றாம் முனையைச் சேர்த்தார். அவ்வால்வுகள் வானொலிப் பெட்டிக்குள் குடிபுகுந்தன. 1932ஆம் ஆண்டு இறுதியில் பிபிசியின் பேரரசுச் சேவை சிற்றலை வழியே தொடங்கிற்று. 1937ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கால்டெகாட் குன்றில் ஒலிபரப்பு நிலையம் செயற்படலாயிற்று. 1938ஆம் ஆண்டில் சென்னையில் அகில இந்திய வானொலியின் நிலையம் திறக்கப்பெற்றது. இவற்றையெல்லாம் கேட்க விழைந்தோர் வீடுகளில் மரப்பெட்டி வானொலிகள் அமர்ந்தன. அவை ஊமையானபோது மூடியைத் திறந்து பார்த்தவர்க்கு ஒன்றும் புலப்படவில்லை. அறுந்த வில்சுருளும் இல்லை. தேய்ந்த ஊசியும் இல்லை. மின்சாரத்திற்கு வடிவமும் இல்லை, நிறமும் இல்லை. அதனைத் தொட்டுப் பார்த்தலோ உயிருக்கே கேடு. கண்ணால் காணவியலாததைக் காட்டும் கருவி ஒன்று தேவைப்பட்டது.

முள் காட்டிய உண்மை

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி அசையும் என்பதை 1820ஆம் ஆண்டில் டேனியரான எர்ஸ்டெட் கண்டறிந்தார். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவை 1827ஆம் ஆண்டில் செருமானியரான ஓம் வெளியிட்டார். காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு அதன் திருப்பத்தால் மின்னோட்டத்தை அளக்கும் முறையை 1882ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான தார்சன்வால் செப்பனிட்டார். இம்மூன்று அறிவும் ஒன்றுசேர்ந்ததே பிற்கால மீட்டரின் அடிப்படை.

எனினும், மூன்று அளவைகளுக்கும் மூன்று கருவிகளைச் சுமந்து திரிவது தொழிலாளருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. பிரிட்டனின் அஞ்சல் துறையில் பொறியாளராகப் பணிபுரிந்த டொனால்டு மெக்காடி என்பவர், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும் கருவியொன்றை வகுத்தார். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்று அலகுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஏவோ’ மீட்டர் என்று பெயரிட்டனர். 1923ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அக்கருவி, பிரிட்டிஷ் ஆட்சி நிலவிய நாடுகளில் எல்லாம் தொழிற்கூடங்களின் நம்பிக்கைக்குரிய துணையாயிற்று. அதன் எட்டாம் வகை 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2008ஆம் ஆண்டு வரை அதன் ஆக்கம் தொடர்ந்தது என்பதே அதன் உறுதிக்குச் சான்று.

மீட்டர் வந்ததும் பழுதுபார்த்தல் ஊகத்தினின்று விடுபட்டு ஆராய்ச்சியாயிற்று. தேர்ந்த தொழிலாளர் கண்டபடி உறுப்புகளைக் கழற்றுவதில்லை. அவர் ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கி வான்கம்பியை நோக்கிப் பின்னோக்கிச் செல்வார். ஒலிபெருக்கியின் சுருளில் தொடர்பு உண்டா? மின்வழங்கும் பகுதி உரிய மின்னழுத்தம் தருகிறதா? ஒலியளவுக் குமிழின் நடுமுனையைத் தீண்டினால் ‘உம்’ என்ற இரைச்சல் எழுகிறதா? எழுந்தால் அதற்குப் பிற்பட்ட பகுதி நலமாக உள்ளது. பழுது அதற்கு முற்பட்ட பகுதியில்தான் இருத்தல் வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு வினாவும் தேட வேண்டிய இடத்தைக் குறுக்கிக்கொண்டே வரும். நோயை நாடி, அதன் காரணத்தையும் நாடிச் செல்லும் மருத்துவரின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

உயிரைக் காக்கும் ஒழுங்குகளும் இத்தொழிலில் உண்டு. வால்வு வானொலியின் உள்ளே 250 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தம் நிலவும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அதனை முதலில் வடித்துவிட வேண்டும். மின்னோட்டம் உள்ள நிலையில் சோதித்தே ஆகவேண்டுமாயின் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மூத்தோர் இளையோர்க்கு முதலில் கற்பித்த பாடம். இரு கைகளும் தொட்டால் மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாயும் என்பதே அதன் காரணம். ஐயத்திற்குரிய பெட்டியை நேரே மின்சாரத்தில் இணைக்காமல், இடையில் ஒரு விளக்கைத் தொடராக இணைத்துப் பார்ப்பதும் உண்டு. உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் விளக்கு பளிச்சென எரிந்து எச்சரிக்கும்; பெட்டி கருகாமல் தப்பும். சில்லறைக் காசில் அமைத்த அச்சோதனை விளக்கு காத்த வானொலிகள் எத்தனையோ!

ஆசு என்னும் பழஞ்சொல்

பழுதைக் கண்டபின் பழைய உறுப்பை நீக்கிப் புதியதைப் பொருத்தும் கருவி பற்றாசுக்கோல். இங்கே தமிழ் மாணவர் சற்று நின்று எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பொடியைப் பொற்கொல்லர் ‘பற்றாசு’ என்றனர். ‘ஆசு’ என்பதும் அதுவே. இச்சொல்லை நம் இலக்கண ஆசிரியர்கள் யாப்பிலும் எடுத்தாண்டனர். இரண்டு குறள் வெண்பாக்களை ஒன்றாக்கும்போது, முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பொருந்தாவிடின், ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைப்பர். அவ்வாறு அமைவது ஆசிடை நேரிசை வெண்பா. அணிகலனில் பிளவு தெரியாமல் ஒட்டும் பற்றாசு போலப் பாட்டில் அவ்வசை நிற்கிறது என்பது கருத்து. வெண்பாவின் வாய்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவர் அறியாமலே ஒரு கைத்தொழிலின் சொல்லை நாவில் ஏந்துகின்றனர்.

வானொலிக்குப் பயன்பட்ட பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 செல்சியசு வெப்பநிலையில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக உறையும். தனி வெள்ளீயம் உருக 232 பாகையும், தனிக் காரீயம் உருக 327 பாகையும் வேண்டும். தனித்தனியே நின்றபோது இல்லாத இளக்கம் சேர்ந்தபோது வாய்ப்பது இயற்கையின் விந்தை எனலாம். செம்பின்மேல் படிந்த துரு நீங்கினால்தான் ஈயம் பற்றும். ஆதலால் ஈயக்கம்பியின் நடுவே பைன் மரப் பிசின் வைக்கப்பட்டது. சூடு பட்டதும் அது உருகி முன்சென்று செம்பைத் துலக்கும். பின்னே ஈயம் பாயும். பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்ததும் மூக்கை எட்டிய மணம் அப்பிசினின் மணமே.

முற்காலத்தில் செப்பு முனையை அடுப்புக் கரியில் காய்ச்சிப் பற்றவைத்தனர். 1921ஆம் ஆண்டில் செருமனியின் எர்ன்ஸ்ட் சாக்சு மின்சாரத்தால் சூடேறும் கோலைத் தொழில்முறையில் ஆக்கத் தொடங்கினார். ஆயினும், மின்சாரம் எட்டாத தோட்டப்புறங்களில் கரியடுப்பு முறை நீங்க நெடுநாள் ஆயிற்று. அங்கு வானொலியும் மின்கலத்தாலேயே இயங்கிற்று.

அந்த ஈயக்கம்பியில் கலந்த வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் வெள்ளீயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மலாயாவே தந்தது. அதில் பெரும்பகுதி பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டி எடுக்கப்பட்டது. 1887ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி, சிங்கப்பூரை அடுத்த புலாவ் பிரானித் தீவில் ஈயத்தை உருக்கிற்று. பின்னர் பட்டர்வொர்த்திலும் பினாங்கிலும் உலைகள் எழுந்தன. கட்டிகளாகக் கப்பலேறிய ஈயம், மேலைநாட்டு ஆலைகளில் கம்பியாகி, வானொலிகளின் மூட்டுகளில் உறைந்து, மீண்டும் மலாயாவின் வீடுகளுக்கே வந்து சேர்ந்தது. ஈயம் தோண்டியவரின் குடிலில் அவ்வானொலி பெரும்பாலும் இல்லை. அவர் கை வெட்டிய மண்ணின் பொருள், பிறர் வீட்டில் பாடிற்று.

செவிக்கு இட்ட தடை

அமைதிக்காலத்தில் பழுதுபார்க்கும் கருவி பிழைப்புக்கு வழி, அவ்வளவே. அது எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதைப் போர்க்காலம் காட்டிற்று.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானிய ஆட்சியினர் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பதைத் தடைசெய்தனர். வானொலிகளைப் பதிவு செய்ய வேண்டும். அவற்றில் சிற்றலை வாங்கும் பகுதியை நீக்கிவிட வேண்டும். ஆட்சியினர் ஒலிபரப்புவதை மட்டுமே கேட்க வேண்டும் என்பது கட்டளை. அனுமதிக்கப்பட்ட அவ்வொலிபரப்பிலும் தமிழ்க்குரல் இல்லாமலில்லை. இந்திய தேசிய இராணுவத்தின் அழைப்பு அதன் வழியே தமிழர் பலரை எட்டி அவர்தம் நெஞ்சைக் கிளர்ந்தெழச் செய்தது. ஆனால், உலகின் மற்றொரு பக்கத்துச் செய்தியைக் கேட்க விரும்பியவர்க்குச் சிறையும் சித்திரவதையும் காத்திருந்தன.

அடைத்த செவியைத் திறக்க வேண்டியது என்ன? அகற்றிய சுருளுக்கு மாற்றாகச் செப்புக்கம்பியைச் சுற்றி அதே இடத்தில் மீண்டும் பற்றவைத்தல். அடைத்ததும் பற்றாசுக்கோலே, திறந்ததும் பற்றாசுக்கோலே. கருவிக்குச் சார்பு இல்லை; அதனை ஏந்திய கைக்கே உண்டு.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய நகரான பாப்பானில் அத்தகைய துணிவு ஒரு வீட்டில் இருந்தது. தமிழரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவின் துணைவியார் சிபில் கார்த்திகேசு ஒரு செவிலியர். அவர் ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் படையினர்க்கு மருத்துவம் செய்தார். வானொலியை மறைத்து வைத்துப் பிபிசியின் செய்தியைக் கேட்டார். 1943ஆம் ஆண்டில் கணவரும் மனைவியும் பிடிபட்டனர். சித்திரவதைக்கு ஆளாகியும் அவர் தம்மவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கிற்று. உடலுற்ற கேட்டினின்று மீளாமல் 1948ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த பொதுமக்களிடையேயும் மறைவான வானொலிகள் இருந்தன. 1943ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. அதற்குச் சிறையிலிருந்தே சதி நடந்ததாகக் கருதிய கெம்பித்தாய் எனும் இராணுவக் காவற்படை, அக்டோபர் 10ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டது. கப்பல் தகர்ப்புக்கும் சிறைக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் வானொலிகள் அகப்பட்டன. 57 பேர் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் 15 பேர் உயிர் நீத்தனர். சிறைக்குள் மருந்தும் பணமும் வானொலி உறுப்புகளும் சென்றடையத் துணைநின்ற எலிசபெத் சோய் என்னும் ஆசிரியை ஏறத்தாழ 200 நாட்கள் கொடுமையை அனுபவித்தார்.

வட போர்னியோவின் சண்டக்கான் முகாமில் ஆஸ்திரேலியக் கைதிகளான மேத்யூஸ், வெய்ன்டன், வெல்ஸ் ஆகிய அதிகாரிகள், ஊர்மக்களின் துணையோடு உறுப்புகளைச் சேர்த்து வானொலி அமைத்தனர். 1943ஆம் ஆண்டு சூலையில் அது வெளிப்பட்டது. மேத்யூசும் அவருக்குத் துணைநின்ற ஊர்மக்கள் எண்மரும் 1944ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கூச்சிங்கில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வால்வும் சிறிது கம்பியும் உயிருக்கு விலையான காலம் அது.

இவர்களை ஆயுதம் ஏந்திய போராளிகளாக மட்டும் எண்ணுதல் போதாது. உடைந்ததைச் சேர்க்கவும், இல்லாததை இருப்பதைக்கொண்டு ஆக்கவும் தெரிந்தவர்கள் அவர்களிடையே இருந்தனர். அந்த அறிவு இல்லாதிருந்தால் துணிவுமட்டும் ஒலியை வரவழைத்திராது.

சிறிதான பெட்டி

1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954ஆம் ஆண்டில் முதலாவது டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது. சில சிறு மின்கலங்களாலேயே இயங்கிய அப்பெட்டி, மின்சாரமில்லாத தோட்ட லயங்களுக்கும் எளிதில் சென்றது. பழுதுபார்ப்பவரின் கருவிகளும் அதற்கேற்பச் சிறுத்தன. தொடக்ககால டிரான்சிஸ்டர் மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. ஆகவே பெரிய கோலை ஒதுக்கிச் சிறியதை எடுத்தனர். பற்றவைக்கும்போது அதன் காலை நீள்மூக்குக் குறட்டால் கவ்விப் பிடித்தனர். வெப்பம் உள்ளே செல்லாமல் குறடு உறிஞ்சிக்கொண்டது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகை வந்தபோது, உருகிய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் குழலும் செப்புப் பின்னலும் பெட்டியில் இடம்பெற்றன.

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிப்பேழை வந்தது. அதற்குரிய மருந்துகள் வேறு. ஒலித்தலையில் படிந்த நாடாத்துகளைத் துடைக்கத் தூய சாராவியும் பஞ்சும், ஒலித்தலையில் தங்கிய காந்தத்தைப் போக்கும் கருவியும், தளர்ந்த இரப்பர் வாருக்கு மாற்று வாரும் தேவைப்பட்டன. குமிழைத் திருகும்போது எழும் கரகரப்பைப் போக்கத் தொடர்பு துலக்கும் தெளிநீர்மம் பயன்பட்டது. இந்நாட்டின் ஈரக்காற்றும் பழுதுபார்ப்பவர்க்கு ஓயாத வேலை தந்தது. இணைப்பில் பச்சை பூத்தல், மரப்பெட்டியில் பூஞ்சணம் பற்றுதல், வெதுவெதுப்பை நாடிப் பல்லியும் எறும்பும் குடியேறுதல் ஆகியன அயல்நாட்டுக் கையேடுகள் கூறாத பழுதுகள். அவற்றைத் தூரிகையும் பொறுமையுமே தீர்த்தன.

உறுப்புகளைத் தேடுவோர்க்குக் கோலாலம்பூரின் பாசார் சாலையும், சிங்கப்பூரின் சிம் லிம் டவரும் புகலிடமாயின. சுங்கை ரோட்டின் பழம்பொருள் சந்தையில் ஒரு வானொலியின் உடலிலிருந்து மற்றொரு வானொலிக்கு உயிர் கிடைத்தது. அச்சந்தை 2017ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாளுடன் மூடப்பட்டது. கிந்தாவின் பெருமையும் நிலைக்கவில்லை. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் பல ஓய்ந்தன. காரீயத்தின் நச்சுத்தன்மையைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு சூலை முதல் மின்னணுப் பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் பரவிய புதிய பற்றாசு பெரும்பாலும் வெள்ளீயமே. அது உருக 217 பாகை வெப்பம் வேண்டும். இன்று உலகின் வெள்ளீயம் எதனினும் மிகுதியாகப் பற்றாசுக்கே செலவாகிறது.

மூடிய பெட்டியும் திறந்த அறிவும்

இன்றைய ஒலிக்கருவிகள் பலவற்றில் திருகாணியே இல்லை. பசையால் மூடப்பட்ட அவை, பழுதுபட்டால் எறிந்துவிடத்தக்கவை என்ற எண்ணத்தோடு ஆக்கப்படுகின்றன. இதற்கு மாற்றாகப் பழுதுபார்க்கும் உரிமை என்னும் குரல் உலகில் எழுந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கெனச் சட்டநெறி ஒன்றை இயற்றியது. வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமைக்குச் சட்டம் தேவைப்படும் காலம் வந்துவிட்டது.

போர்க்காலத்து ஆட்சியின் தடையையும் இன்றைய வணிகத்தின் மூடியையும் ஒன்றெனக் கூறுதல் மிகை. அன்று உயிர் போயிற்று. இன்று பொருள் போகிறது. ஆனால், இரண்டிலும் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. தான் பயன்படுத்தும் கருவியின் உள்ளமைப்பை அறியாதவன், அது எதனைச் சொல்கிறதோ அதனை மட்டுமே கேட்க வேண்டியவனாகிறான். திறக்கவும் அளக்கவும் சேர்க்கவும் அறிந்தவனுக்கு மட்டுமே தெரிவு உண்டு.

நம் முன்னோர் கைத்தொழிலின் சொல்லை யாப்புக்குள் கொணர்ந்தபோது, கல்வியும் தொழிலும் இரு வேறு வீடுகளில் வாழவில்லை. ஆசிடை வெண்பாவைக் கற்பிக்கும் வகுப்பறையில், ஆசு என்பது யாது என்று காட்ட ஒரு துண்டு ஈயக்கம்பியும் ஒரு பழைய வானொலியும் இருந்தால் போதும். மாணவன் மூடியைத் திறந்து, கிந்தாவின் மண் ஒருகால் மின்னிய அந்த வெண்ணிற மூட்டுகளைக் காண்பான். இரண்டு கம்பிகள் அங்கே ஒன்றாய் நிற்கும். இடையே நிற்பதன் பெயரை அவன் முன்னரே கற்றிருப்பான்.